கிணற்றடியிலிருந்து வேலி வரை

சண்டிலிப்பாயில் நான் வாடகைக்கு எடுத்த வீட்டின் பின்பக்கத்தில் ஓர் ஒற்றையடிப் பாதை இருந்தது. கிணற்றடியில் தொடங்கி, எலுமிச்சை மரத்தைச் சுற்றிக்கொண்டு போய், பக்கத்து வீட்டு வேலியில் முட்டி நின்றது. நாங்கள் கீற்று என்பதை இங்கே கிடுகு என்கிறார்கள். வேலி முழுவதும் பழைய கிடுகு, மழையில் ஊறிச் சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. பாதை முட்டுகிற இடத்தில் மட்டும் ஓர் ஆள் நுழையும் அகலத்துக்குப் புதுக் கிடுகு, பச்சைகூட இன்னும் முழுதாக வாடவில்லை. குடிவந்த முதல் வாரத்திலேயே இதைப் பார்த்தேன். எந்த வீட்டுக்குப் போனாலும் குழாய், சுவிட்சு, தாழ்ப்பாள் எல்லாவற்றையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துக் குறித்துக்கொள்வது என் பழக்கம். பாதையையும் அப்படிக் குறித்துக்கொண்டேன். அதைப் பற்றி யோசிக்கவில்லை.

காய்கறிகளைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடைத்து வெளியே அனுப்பும் நிறுவனத்தில் எனக்கு வேலை. அவர்கள் யாழ்ப்பாணத்தில் ஒரு நிலையம் தொடங்கியபோது, இரண்டு ஆண்டுகளுக்குப் போய் இருக்க முடியுமா என்று கேட்டார்கள். ஐம்பதை நெருங்கும் வயதில், திருச்சியை விட்டு வேறு எங்கும் குடியிருந்திராத எனக்கு, அது நான் எதிர்பாராத கேள்வி. சரி என்று சொன்னதும் நான் எதிர்பாராததுதான். கணவர் மில் அலுவலகத்திலிருந்து விருப்ப ஓய்வு வாங்கி வீட்டில் இருந்தார். அவர் தடுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்.

“நீ முதல்ல போய் வீடு பிடி. நான் மாசியில வந்து ஒரு மாசம் இருந்து பார்க்கிறேன். டிவி இல்லேன்னாலும் பரவாயில்ல, ஏசி இல்லேன்னாலும் பரவாயில்ல. பேச நாலு பேர் வேணும். இல்லேன்னா நான் திரும்பிடுவேன். கோவிச்சுக்கக் கூடாது.”

அவர் அப்படித்தான். எங்கள் குடியிருப்பில் லிப்ட் பழுது பார்க்க வருகிறவரின் மாமனாருக்கு என்ன நோய் என்பதுகூட அவருக்குத் தெரியும். கத்திரிக்காய் வாங்கப் போனால் கத்திரிக்காயை மறந்து, கடைக்காரரின் வீட்டு விசேஷத்துக்கு அழைப்பிதழோடு வருவார். பேச ஆளில்லாத ஊரில் அவரைக் கட்டிவைக்க முடியாது என்று எனக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் பிரிந்து இருந்ததில்லை. இந்த இரண்டு ஆண்டைச் சேர்ந்து கழிப்பதா, கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகக் கழிப்பதா என்பது அவர் கேட்ட அந்த நாலு பேரைப் பொறுத்திருந்தது.

ஐப்பசி மழையில் வந்து இறங்கினேன். நிலையத்துக்கு வரும் வெங்காயமும் மிளகாயும் பெரும்பாலும் வலிகாமத்துத் தோட்டங்களிலிருந்து வருவதால் இந்தப் பக்கம் வீடு எடுத்தேன். வாரத்தில் இரண்டு நாள் முருங்கைக்காய் பார்க்கக் கொடிகாமம் போக வேண்டியிருக்கும். மற்ற நாட்களில் மாலை வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பிவிடலாம்.

பேச்சு ஒன்றாக இருந்தும் வெளிநாட்டுக்காரியாக இருப்பது ஒரு தனி அனுபவம். விசாவோடு வந்தவள், ஆனால் பேருந்துப் பலகையை எழுத்துக்கூட்டாமல் படிக்கிறவள். கடையில் துண்டு கேட்டால் புரியாமல் பார்த்துவிட்டு, “துவாயோ?” என்பார்கள். சோப்பு சவர்க்காரம். சாவி திறப்பு. இதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிட்டது. ஆனால் நான் வாய் திறந்தவுடன் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு மரியாதை வந்து உட்கார்ந்துகொள்வது பழகவில்லை. “நீங்கள் படத்திலை கதைக்கிற மாதிரிக் கதைக்கிறியள்” என்றார் மளிகைக்கடைக்காரர். படத்தில் வருகிறவர்களோடு யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை.

பக்கத்து வீட்டில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு கணவனும் மனைவியும். வெங்காயமும் புகையிலையும் போடுகிற தோட்டக்காரர்கள். பிள்ளைகள் வெளிநாட்டில். நான் இருக்கும் வீடு அந்த மனிதரின் தம்பியுடையது. தம்பி கனடாவில் இருக்கிறார். வீட்டைத் திறந்து காட்டியது அந்த அம்மாதான். நான் அவரை அக்கா என்றேன். அவர் என்னை மிஸ் என்றார்.

அக்கா என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் முன்வாசல் வழியாகத்தான் வந்தார். நல்ல சேலை கட்டி, தலை வாரி, கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டு, நான் திறந்த பிறகு விறாந்தை வரை வந்து, கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். நான் மைசூர்பாகு கொடுத்த தட்டு மூன்றாம் நாள் பயத்தம்பணியாரத்தோடு திரும்பி வந்தது. வந்த தட்டை வெறுமையாக அனுப்பக் கூடாதே என்று நான் முறுக்குச் சுட்டேன். அதற்குப் பதிலாகப் பருத்தித்துறை வடை வந்தது. ஒருகட்டத்தில் சனிக்கிழமை முழுவதும் நான் அடுப்படியில் நிற்பதும், அதே மாலையில் வேலிக்கு அந்தப் பக்கம் எண்ணெய் காயும் மணம் வருவதுமாக ஆனது. இரண்டு பேரும் களைத்துப்போனோம். இரண்டு பேராலும் நிறுத்த முடியவில்லை.

ஒரு நாள் மாலை, அண்ணை சைக்கிளில் வருவதைப் பார்த்தேன். அக்காவின் கணவரை நான் அண்ணை என்றுதான் சொல்லப் பழகியிருந்தேன். கரியரில் ஒரு பெரிய பிளாஸ்டிக் கலன், நிறையத் தண்ணீர். அடுத்த நாளும் அப்படி. அதற்கடுத்த நாளும். கிணறு இருக்கும் வீட்டுக்காரர் ஏன் தண்ணீரைச் சைக்கிளில் சுமக்கிறார் என்று அன்றுதான் யோசித்தேன். பின்பக்கம் போய்ப் பாதையை மறுபடி பார்த்தேன். கிணற்றுக்கு மேல் கப்பி இருந்தது. கயிறும் வாளியும் இல்லை. கப்பியின் பள்ளம் துருப்பிடிக்காமல், தேய்ந்து பளபளத்தது.

அன்றே வீட்டுக்காரரைத் தொலைபேசியில் கேட்டேன்.

“ஓம், அண்ணை வீட்டுக் கிணறு உவர்” என்றார் அவர். “தோட்டத்துக்குச் சரி, தேத்தண்ணிக்குச் சரிவராது. எங்கடை கிணத்திலைதான் அவையள் அள்ளுறவை. வேலியிலை ஒரு பொட்டு இருந்தது, அதாலை வந்து போறவை. நான்தான் நீங்கள் வாறீங்கள் எண்டு அடைக்கச் சொன்னனான். உங்களுக்கும் ஒரு பிரைவசி வேணும்தானே.”

பொட்டு என்பது வேலியில் ஆள் நுழைவதற்கு விடும் இடைவெளி. எனக்காகவே அது அடைக்கப்பட்டிருந்தது. திறந்துவிடச் சொல்லுங்கள் என்றேன். “அது அண்ணையின்ரை பக்க வேலி. அடைக்கச் சொல்லலாம். அடைச்சதைத் திறவெண்டு நான் இஞ்சை இருந்து எப்பிடிச் சொல்லுறது?” என்றார். இங்கே ஒவ்வொரு வேலிக்கும் ஒரு வீட்டார்தான் உரிமையாளர். அவர்கள்தான் வருடாவருடம் கட்டுவார்கள், கதியால் என்ற உயிர்வேலிக் கம்புகளை நடுவார்கள். அடுத்த வீட்டார் அதில் கை வைப்பது வழக்கமில்லை. ஆகவே நானும் கை வைக்க முடியாது.

நான் எனக்குத் தெரிந்த முறையில் சரிசெய்யப் பார்த்தேன். கடைத்தெருவில் முன்கேட் பூட்டுக்கு இன்னொரு சாவி வெட்டி, அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“தண்ணி உங்களுடையதும்தான் அக்கா. நான் வேலைக்குப் போயிருந்தாலும் எப்ப வேணும்னாலும் திறந்துட்டு வந்து எடுத்துக்கங்க.”

அக்கா சாவியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். “பெரிய உபகாரம் மிஸ்” என்றார். திருச்சிக் குடியிருப்பில் பக்கத்து வீட்டாரிடம் சாவி கொடுப்பதைவிடப் பெரிய நெருக்கம் கிடையாது. நான் நிம்மதியாகத் திரும்பினேன். மறுநாள் மாலையும் அண்ணை கலனோடு சைக்கிளில் போனார். அந்தச் சாவியால் கேட் ஒருமுறைகூடத் திறக்கப்படவில்லை. ஒரு வாரம் தட்டும் வரவில்லை.

மாசி பிறந்தது. கடல் அமைதியாகி, கப்பல் மறுபடி ஓடத் தொடங்கியதும் கணவர் நாகப்பட்டினத்தில் ஏறி வந்தார். காங்கேசன்துறையில் நான் போய் நின்றேன். இரண்டு பெட்டி, ஒரு சாக்கு, காப்பிப் பொடி மணம். இறங்கி வரும்போதே கப்பலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் மகளுக்கு எந்த ஊரில் சம்பந்தம் பேசுகிறார்கள் என்று சொல்லத் தொடங்கிவிட்டார். திரும்புகிற பயணச் சீட்டும் கையோடு வாங்கி வந்திருந்தார். மாதக் கடைசி, மத்தியானக் கப்பல்.

அவருக்காக நான் வீட்டை ஒழுங்கு செய்து வைத்திருந்தேன். நாற்காலி, மின்விசிறி, திருச்சியில் இருந்த அதே இடத்தில் செய்தித்தாள். நான் காலையில் வேலைக்குப் போய்விடுவேன். அவர் முன்பக்கம் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பார். எதிரே உயரமான மதில். யாராவது சைக்கிளில் போனால் இவர் வணக்கம் சொல்வார். அவர்களும் சொல்வார்கள், ஆனால் நிற்க மாட்டார்கள். நாலாம் நாள் மாலை நான் வந்தபோது தொலைபேசியில் திருச்சிக் குடியிருப்பின் காவலாளியோடு பேசிக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரமாம்.

“தமிழ் பேசுற ஊர்தான்” என்றார் சாப்பிடும்போது. “ஆனா என்கூட யாரும் பேசல. நான் உன்னைக் குத்தம் சொல்லல. பாரு, சட்டையெல்லாம் பெட்டியிலேயே இருக்கட்டும். எடுத்து வைக்காதே.”

அன்று எடுத்து மடித்த சட்டைகளைத் திரும்பப் பெட்டியிலேயே வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, வழக்கம்போல மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன். மாதத்தின் முதல் ஞாயிறு தொட்டி கழுவுவது என்னுடைய ஒழுங்கு. முழுக்கக் காலி செய்து, தேய்த்துவிட்டு, மோட்டரைப் போட்டேன். கொஞ்சம் தண்ணீர் ஏறியிருக்கும். அதற்குள் அவர் குளிக்கப் போய்விட்டார். மின்சாரம் போய்விட்டது. கிணற்றடியை ஒட்டியிருந்த குளியலறையில் குழாய் ஒருமுறை இருமி நின்றது.

“என்ன ஆச்சு?” என்றார் உள்ளிருந்து. “தலையெல்லாம் சோப்பு. கண்ணைத் திறக்க முடியல.”

வீட்டில் குடிக்கிற தண்ணீர் ஒரு பாட்டில் இருந்தது. அதைக் கதவிடுக்கில் நீட்டினேன். கண்ணைக் கழுவ மட்டும் போதுமானதாக இருந்தது. வெளியே கிணறு நிறைய நல்ல தண்ணீர். கப்பி இருந்தது. என்னிடம் பிளாஸ்டிக் வாளி இருந்தது. கயிறு இல்லை. கயிறு ஒரு வீட்டுக்குத் தேவைப்படும் என்று எனக்கு அதுவரை தோன்றியதில்லை.

வேலியடிக்கு ஓடினேன். வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் நான் எதையும் கேட்டதில்லை என்பது ஓடும்போதுதான் நினைவுக்கு வந்தது. எனக்குத் தேவையானதெல்லாம் எப்போதும் முன்கூட்டியே என்னிடம் இருக்கும்.

“அக்கா, இருக்கீங்களா? வாளியும் கயிறும் கொஞ்சம் தர முடியுமா?”

“ஆர், மிஸ்ஸோ?” அந்தப் பக்கம் பாத்திரம் வைக்கும் சத்தம். “என்ன நடந்தது?”

“கரண்ட் போயிடுச்சு. தொட்டியில தண்ணி இல்ல. அவர் சோப்பு போட்டுட்டு நிக்கிறார்.”

சிரிப்பை அடக்கிய குரலில், “முழுக்கவோ?”

“தலையோட.”

“இந்தா வாறன், நில்லுங்கோ.”

அக்கா தெருவைச் சுற்றி வர நேரமாகும் என்று நான் முன்பக்கம் ஓடிக் கேட்டைத் திறந்து வைத்தேன். தெருவில் யாரையும் காணவில்லை. பின்பக்கம் திரும்பி வந்தபோது கிணற்றடியில் கப்பி கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. புதுக் கிடுகு தரையில் கிடந்தது. வீட்டில் போடும் நைட்டியோடு, தலையில் ஒரு துவாயைச் சுற்றிக்கொண்டு, அக்கா இரண்டாவது வாளியை இழுத்துக்கொண்டிருந்தார்.

“நீர் என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறீர்? பிடியும். கொண்டுபோய்க் குடும்.”

நான் ஒரு வாளியைக் குளியலறை வாசலில் வைத்தேன். அக்கா இன்னொன்றைக் கொண்டுவந்து வைத்தார்.

“யாரும்மா வந்திருக்கா?” என்றார் கணவர் உள்ளிருந்து.

“பக்கத்து வீட்டு அக்கா.”

“வணக்கம்க்கா. மன்னிச்சுக்கங்க, கதவைத் திறக்க முடியாத நிலைமை.”

“திறக்காதேங்கோ தம்பி” என்றார் அக்கா. “சவர்க்காரம் காய முந்தி வாத்துக்கொள்ளுங்கோ. கதையைப் பிறகு கதைக்கலாம்.”

ஆனால் அவர் பிறகு என்று விடுகிறவர் இல்லை. தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவே கப்பலில் வந்த கதையைத் தொடங்கினார். அக்கா கிணற்றுக்கட்டில் உட்கார்ந்து, “ஓம்”, “அப்பிடியோ?”, “பிறகு?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். கதவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அவர்கள் பேசியதில் அரை மணி நேரம் போனது. நாலு மாதத்தில் நானும் அக்காவும் பேசியதைவிட அது கூடுதல்.

பிறகு அக்கா தனக்கென ஒரு வாளி அள்ளினார். கையைக் கழுவிவிட்டு, உள்ளங்கையில் ஏந்திக் குடித்தார்.

“இந்தத் தண்ணியிலை தேத்தண்ணி குடிச்சு எவ்வளவு காலம்” என்றார். “கனடாத் தம்பி சொன்னவன், வெளிநாட்டாக்கள் தங்கடை பாட்டுக்கு இருக்க விரும்புவினம், கரைச்சல் குடுக்காதேங்கோ எண்டு.”

“நாங்க என்ன வெள்ளைக்காரங்களா அக்கா?”

“விசா எடுத்துத்தானே வந்தனீர். பிறகென்ன.”

“அதுக்குத்தான் சாவி கொடுத்தேன். ஒரு நாள்கூட வரலையே?”

அக்கா வாளியைக் கீழே வைத்தார். கோபமில்லை.

“திறப்போடை வாறதெண்டா தெருவாலை வரவேணும். வாளியும் கையுமா நான் உம்மடை கேற்றைத் திறக்கிறதை நாலு பேர் காணுவினம். தண்ணிக்கு வழியில்லாமல் போச்சுதெண்டு கதைப்பினம். அதோடை சேலை மாத்தவேணும், தலை இழுக்கவேணும். ஒரு வாளித் தண்ணிக்கு ஆர் சேலை மாத்துறது? பொட்டாலை எண்டா நிண்ட நிலையிலை வரலாம். ஒருத்தரும் காணாயினம், ஒருத்தரும் கேக்காயினம்.” பிறகு சேர்த்துச் சொன்னார்: “நீரும் ஒரு நாள் ஒரு பிடி கறிவேப்பிலை கேட்டு வந்திருந்தா, நான் எப்பவோ பிரிச்சிருப்பன். நீர் தாறதுக்கு மட்டும்தான் வாறனீர்.”

கிடுகைத் திரும்பக் கட்டுவாரோ என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதைத் தூக்கி எலுமிச்சை மரத்தில் சாய்த்துவிட்டு, நிறைந்த வாளியோடு குனிந்து பொட்டுக்குள் போனார். கயிற்றையும் இரும்பு வாளியையும் கப்பியிலேயே விட்டுப்போனார்.

மறுநாள் விடியற்காலையில் கப்பிச் சத்தத்தில் விழித்தேன். கணவர் எனக்கு முன்பே எழுந்து பின்பக்கம் போயிருந்தார். அண்ணையும் வந்திருந்தார். அண்ணை அதிகம் பேசாதவர். இவருக்கு அது ஒரு பொருட்டில்லை. இரண்டு பேருக்கான பேச்சையும் ஒருவரே பேச முடியும் என்று அவர் பல ஆண்டுகளாக நிரூபித்திருக்கிறார்.

ஒரே ஒரு சங்கடம்தான். பொட்டு மெலிந்தவர்களுக்கானது. என் கணவர் பருமனானவர். முதல் தடவை அந்தப் பக்கம் போக முயன்றபோது கிளுவைக் கதியாலில் சட்டை மாட்டிக் கிழிந்தது. இரண்டாவது தடவை நடுவில் நின்றுவிட்டார். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. அக்கா அந்தப் பக்கத்திலிருந்தும் நான் இந்தப் பக்கத்திலிருந்தும் வழி சொன்னோம்.

அன்று மாலை நான் வேலையிலிருந்து வந்தபோது அண்ணை கடப்பாரையால் ஒரு கதியாலைக் கிளப்பிக்கொண்டிருந்தார். கணவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். ஓர் அடி தள்ளிப் புதுக் குழி தோண்டி, அதிலே நட்டு மிதித்தார்கள்.

“உது பொட்டில்லை, படலை” என்றார் அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று. வேலியின் வாசற்கதவை இங்கே படலை என்பார்கள். “இனி மாடும் வரும்.”

“மாடு வந்தாக் கலைக்கலாம்” என்றார் அண்ணை. அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் முழு வாக்கியம். “தம்பி வந்து போகவேணுமெல்லே.”

அதன் பிறகு கணவரின் பகல்கள் எங்கே கழிந்தன என்று எனக்குச் சரியாகத் தெரியாது. மாலையில் கால் முழுவதும் செம்மண்ணோடு வருவார். யாருடைய மிளகாய்க்கு என்ன நோய், எந்தக் கோயிலில் எப்போது கொடியேற்றம், மளிகைக்கடைக்காரரின் மைத்துனர் ஏன் பேசுவதில்லை என்றெல்லாம் சொல்வார். மளிகைக்கடைக்காரர் இவரையும் படத்தில் பேசுவது மாதிரிப் பேசுகிறார் என்றுதான் சொன்னாராம். இவர், “எந்தப் படம்?” என்று கேட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஆனால் பயணத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் அது கெஞ்சுவதாகிவிடும், கோவிக்கக் கூடாது என்ற பேச்சை மீறியதாகிவிடும் என்று நினைத்தேன். பீரோவின் மேல் அவருடைய பெட்டிகள் இருந்தன. சட்டைகள் உள்ளே.

மாதக் கடைசி வந்தது. காங்கேசன்துறைக்கு வேன் சொல்லிவைத்தேன். நிலையத்தில் அரைநாள் விடுப்பு எடுத்து வீட்டுக்கு வந்தேன். வீட்டில் அவர் இல்லை. பெட்டிகள் பீரோ மேலேயே இருந்தன. ஒன்றை இறக்கிப் பார்த்தேன். காலியாக இருந்தது. இன்னொன்றும் காலி. சட்டைகள் எங்கே என்று பார்த்தால், பின்பக்கக் கொடியில் தோய்த்துக் காயப்போட்டிருந்தார். அனைத்தையும்.

பொட்டு வழியாக அந்தப் பக்கம் போனேன். பின்வளவில் அறுவடை செய்த வெங்காயம் குவிந்து கிடந்தது. அக்காவும் அண்ணையும் என் கணவரும் சுற்றி உட்கார்ந்து, தாளோடு சேர்த்துப் பிடிபிடியாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“வாரும்” என்றார் அக்கா. “இவருக்குச் சொல்லும். பிடியைப் பெரிசாக் கட்டுறார், உள்ளுக்கை அழுகும். அவிட்டுக் கட்டச் சொன்னா ஞாயம் கதைக்கிறார்.”

“இன்னைக்குக் கப்பல்” என்றேன். பொதுவாகச் சொன்னேன், யாரையும் பார்க்காமல்.

அக்காவின் கை நின்றது. “இண்டைக்கோ? தம்பி, நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே.”

“ஞாபகம் இருக்குக்கா” என்றார் கணவர். கையிலிருந்த பிடியை அவிழ்த்து, இரண்டாகப் பிரித்து, ஒன்றை மறுபடி கட்டினார். நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. “அது பாட்டுக்குப் போகட்டும். இந்த அளவு சரியான்னு பாருங்க.”

அக்கா வாங்கிப் பார்த்தார். “இது சரி” என்றார். பிறகு எழுந்து உள்ளே போய், சாமியறை ஆணியிலிருந்து எதையோ எடுத்து வந்து என் கையில் வைத்தார். நான் வெட்டிக் கொடுத்த சாவி. குங்குமம் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

“உதைக் கொண்டுபோம். துருப்பிடிக்கப்போகுது.”

முன்பக்கம் வேன் வந்து ஹாரன் அடித்தது. பொட்டு வழியாகத் திரும்பி வந்து, அந்தச் சாவியாலேயே கேட்டைத் திறந்தேன்.

“காங்கேசன்துறைக்கு எண்டெல்லே சொன்னனீங்கள்” என்றார் சாரதி. “பயணப்படுறவர் எங்கை?”

“வெங்காயம் கட்டுறார்” என்றேன்.